தின்பண்டம் விற்ற சிறுவன் மெல்லிசை மன்னர் ஆனார்

ஓசூர் எல்லையில் தினமும் ஒலிக்கும் மெட்டு அவருடையது!

காலை மணி அடிக்கிறது. ஓசூர் வட்டாரத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள்.

முதலில் நிற்கும் சிறுமியின் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவளுக்கு அடுத்து நிற்கும் பையன் வீட்டில் கன்னடம். அவனுக்குப் பின்னால் நிற்பவன் வீட்டில் உருது. தொழிற்சாலை வேலைக்காகத் தென் மாவட்டத்தில் இருந்து வந்து குடியேறியவரின் மகளும் அதே வரிசையில் நிற்கிறாள். அவள் வீட்டில் தமிழ்.

ஆசிரியை கை காட்டுகிறார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிறார்கள். 55 வினாடியில் பாட்டு முடிகிறது. பிள்ளைகள் வகுப்புக்குப் போகிறார்கள்.

அந்தப் பாட்டை எழுதியவர் யார் என்று கேட்டால், பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். மனோன்மணீயம் சுந்தரனார் பெயர் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் யார்?

பிள்ளைகள் விழிப்பார்கள். பெரியவர்களில் பலரும் விழிப்பார்கள்.

மெட்டுப் போட்டவர் எம்.எஸ். விசுவநாதன். சினிமா உலகில் "மெல்லிசை மன்னர்" என்று பெயர் பெற்றவர். அவருடைய தாய்மொழி தமிழ் அல்ல. மலையாளம்!

பள்ளிக்கூடத்தில் அவர் அதிகம் படித்தவரும் அல்ல. தகப்பனாரை இழந்து, தின்பண்டம் விற்று, ஸ்டூடியோவில் எடுபிடி வேலை பார்த்து, படிப்படியாக முன்னுக்கு வந்தவர். அவருடைய கதை இது.

நாலு மொழி ஊர்

முதலில் இந்த எல்லைச் சீமையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்ளவேண்டும்.

ஓசூரில் இருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே கர்நாடகம் தொடங்கிவிடும். மூதறிஞர் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இந்த ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தன. 1965-ல் தர்மபுரி மாவட்டம் ஏற்பட்டபோது அதில் சேர்ந்தன. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது.

ஒரு காலத்தில் இங்கே விவசாயமும் ஆடு மாடு வளர்ப்பும்தான் பிழைப்பு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் வந்தன. நாலா பக்கத்தில் இருந்தும் ஜனங்கள் வேலை தேடி வந்தார்கள்.

இங்கே ஒரே தெருவில் நாலு மொழி கேட்கும். கடைக்காரர் ஒருவரிடம் தமிழில் பேசுவார். அடுத்தவரிடம் தெலுங்கில் விலை சொல்வார். மூன்றாமவருக்குக் கன்னடத்தில் சில்லறை கொடுப்பார். அவருக்கு அது கஷ்டமாகத் தெரியாது. பிறந்தது முதல் அதுவே பழக்கம்.

இப்படிப்பட்ட ஊரில் தினமும் காலையில் ஒலிக்கும் தமிழ்ப் பாட்டுக்கு, மலையாளத் தாயின் மகன் மெட்டுப் போட்டார் என்பது எவ்வளவு பொருத்தம்!

நாலு வயதில் இடி

பாலக்காடு பக்கத்தில் எலப்புள்ளி என்று ஒரு கிராமம். அப்போது அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் ஜில்லாவில் இருந்தது. அங்கே 1928-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி விசுவநாதன் பிறந்தார். தகப்பனார் பெயர் சுப்பிரமணியன். தாயார் நாராயணிக்குட்டி அம்மாள்.

விசுவநாதனுக்கு 4 வயது ஆனபோது தகப்பனார் காலமானார். குடும்பத்தின் மீது இடி விழுந்தது.

கையில் காசு இல்லை. உதவிக்கு ஆள் இல்லை. மனம் உடைந்த தாயார், பிள்ளையோடு உயிரை விட்டுவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். நல்ல வேளையாகப் பாட்டனார் கிருஷ்ணன் நாயர் தடுத்துக் காப்பாற்றினார். இருவரையும் தம்மோடு அழைத்துக்கொண்டு போனார்.

பாட்டனாருக்குக் கண்ணனூர் சிறைச்சாலையில் வார்டர் வேலை. விசுவநாதன் அங்கே வளர்ந்தார்.

அன்று அந்தப் பாட்டனார் தடுக்காமல் இருந்திருந்தால்? தமிழ்நாட்டில் மூன்று தலைமுறை கேட்டு மகிழ்ந்த பாட்டுகள் பிறந்திருக்காது.

கொட்டகையில் கேட்ட பாட்டு

விசுவநாதனுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. பாட்டு எங்கே கேட்டாலும் அங்கே நின்றுவிடுவார்.

கண்ணனூரில் நீலகண்ட பாகவதர் என்பவர் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்து வந்தார். பையனுடைய ஆர்வத்தைப் பார்த்து, அவனையும் சிஷ்யனாகச் சேர்த்துக்கொண்டார். ஆர்மோனியப் பெட்டியில் சிறுவனின் விரல்கள் ஓடத் தொடங்கின. 13 வயதில் மேடை ஏறிக் கச்சேரி செய்தார்.

கச்சேரி செய்தால் மட்டும் வயிறு நிரம்புமா? சினிமாக் கொட்டகையில் தின்பண்டம் விற்கும் வேலைக்குப் போனார்.

இந்த வேலையில் அவருக்கு ஒரு லாபம் இருந்தது. தினமும் படம் பார்க்கலாம். அதைவிட, தினமும் பாட்டுக் கேட்கலாம். கையில் தட்டு இருக்கும். காது மட்டும் பாட்டில் இருக்கும். அதுவே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று.

ஆபீஸ் பையன்

நடிகர் ஆகவேண்டும் என்பதுதான் விசுவநாதனின் முதல் ஆசை. கோவையில் ஜுபிடர் பிக்சர்ஸ் படக் கம்பெனி அப்போது கொடி கட்டிப் பறந்தது. அங்கே போய்ச் சேர்ந்தார்.

நடிப்பு கைகொடுக்கவில்லை. ஆனாலும் ஊருக்குத் திரும்பவில்லை. கிடைத்த வேலையைப் பார்த்தார். காபி வாங்கி வருவது, சாமான் எடுத்து வைப்பது, வாத்தியங்களைத் துடைப்பது, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது. இவைதான் வேலை.

அந்தக் கம்பெனியின் இசை அமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. பெரிய வித்துவான். அவர் மெட்டுப் போடும்போது விசுவநாதன் ஒரு மூலையில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஆள் இல்லாத நேரத்தில் ஆர்மோனியத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

பெயர் சொல்லாத மெட்டு

ஒரு நாள் பாட்டு ஒன்றுக்கு மெட்டு சரியாக அமையவில்லை. சுப்பையா நாயுடு வெளியே போயிருந்தார். ஆர்மோனியம் சும்மா இருந்தது. விசுவநாதன் உட்கார்ந்தார். தம் மனதில் தோன்றிய மெட்டில் அந்தப் பாட்டைப் பாடினார்.

திரும்பி வந்த நாயுடு அதைக் கேட்டுவிட்டார்.

பையன் பயந்து நடுங்கினான். ஆனால் நாயுடு திட்டவில்லை. மெட்டு அவருக்குப் பிடித்துவிட்டது. அதையே படத்தில் வைத்தார். 1948-ல் வெளிவந்த "அபிமன்யு" படப் பாட்டு அது. பாட்டு நன்றாக எடுபட்டது.

ஆனால் மெட்டு யாருடையது என்று வெளியே தெரியவில்லை. எடுபிடிப் பையன் போட்ட மெட்டு என்று தெரிந்தால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று நாயுடு கருதினார். வெளியே சொல்லவேண்டாம் என்று விசுவநாதனிடம் கூறினார்.

தம்முடைய பாட்டை ஊரே பாடுகிறது. தம்முடைய பெயர் யாருக்கும் தெரியாது. இளம் பிள்ளையின் மனம் எப்படி இருந்திருக்கும்?

விசுவநாதன் வாய் திறக்கவில்லை.

பிறகு ஜுபிடர் கம்பெனி கோவையை விட்டுச் சென்னைக்கு மாறியது. ஆட்களில் பலருக்கு வேலை போகும் நிலைமை. அப்போது சுப்பையா நாயுடு முதலாளி சோமசுந்தரத்திடம் போனார். நல்ல மெட்டுகள் சிலவற்றைப் போட்டவன் இந்தப் பையன்தான் என்ற உண்மையை எடுத்துச் சொன்னார். அவனைச் சென்னைக்கு அழைத்துப் போகும்படி கேட்டுக்கொண்டார்.

மறைத்து வைத்தவரே உரிய நேரத்தில் வெளிப்படுத்திவிட்டார். விசுவநாதனின் வாழ்க்கை அதனால் திரும்பியது.

இருவர் சேர்ந்தார்கள்

சென்னையில் சி.ஆர். சுப்பராமன் என்ற இசை அமைப்பாளரின் கோஷ்டியில் விசுவநாதன் சேர்ந்தார். அங்கே வயலின் வாசித்தவர் டி.கே. ராமமூர்த்தி. திருச்சிக்காரர். விசுவநாதனைவிட 6 வயது மூத்தவர்.

1952-ல் சுப்பராமன் இளம் வயதிலேயே காலமானார். "தேவதாஸ்", "சண்டிராணி", "மருமகள்" ஆகிய படங்களின் வேலை பாக்கி இருந்தது. விசுவநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து அதை முடித்துக் கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் "பணம்" என்ற படத்தை டைரக்ட் செய்துகொண்டிருந்தார். அதற்கு இசை அமைக்கும் பொறுப்பை இந்த இருவரிடமும் கொடுத்தார். இந்திப் பட உலகில் சங்கர், ஜெய்கிஷன் என்ற இருவர் சேர்ந்து இசை அமைத்தார்கள். அதுபோல நீங்களும் இரட்டையராக இருங்கள் என்பது கலைவாணரின் யோசனை.

"விசுவநாதன் - ராமமூர்த்தி" என்ற பெயர் திரையில் வந்தது. மூத்தவர் ராமமூர்த்தி. இளையவர் பெயர் முன்னால் வந்தது. பெரியவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

எம்.ஜி.ஆர். வந்தார்

1953-ல் வெளிவந்த படம் "ஜெனோவா". எம்.ஜி.ஆர். கதாநாயகன். இந்தப் படம் பற்றி விசுவநாதனே பல முறை சொன்ன சம்பவம் ஒன்று உண்டு.

ஜுபிடர் கம்பெனியில் எடுபிடி வேலை பார்த்த பையனை எம்.ஜி.ஆருக்குத் தெரியும். அவனா இசை அமைப்பாளர் என்று அவருக்குச் சந்தேகம். வேறு ஆளைப் போடும்படி படாதிபதியிடம் சொன்னார். படாதிபதி மாற்றவில்லை.

பாட்டுகள் தயாராயின. எம்.ஜி.ஆர். கேட்டார். கேட்டபின் சும்மா இருக்கவில்லை. விசுவநாதனின் வீட்டைத் தேடிப் போனார். தாம் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொண்டு பாராட்டினார்.

பிற்காலத்தில் எம்.ஜி.ஆர். நடித்த படங்களுக்கு அதிகமாக இசை அமைத்தவர்களில் விசுவநாதன் ஒருவர். "எங்க வீட்டுப் பிள்ளை", "ஆயிரத்தில் ஒருவன்", "உலகம் சுற்றும் வாலிபன்" போன்ற படங்களின் பாட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன.

ஒரே ஜூன் 24

கவிஞர் கண்ணதாசன் பிறந்தது 1927-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி. விசுவநாதன் பிறந்தது அதற்குச் சரியாக ஒரு வருடம் கழித்து, அதே ஜூன் 24-ந் தேதி!

இருவரும் சேர்ந்தால் பாட்டு அருவி போலக் கொட்டும். "பாகப்பிரிவினை", "பாவமன்னிப்பு", "பாசமலர்", "பாலும் பழமும்", "ஆலயமணி", "கர்ணன்" என்று படம் படமாக வெற்றி வந்தது.

சினிமாப் பாட்டு எப்படிப் பிறக்கிறது?

டைரக்டர் முதலில் கட்டத்தைச் சொல்வார். அண்ணன் தங்கையைப் பிரிகிறான் என்பார். காதலர்கள் சந்திக்கிறார்கள் என்பார். இசை அமைப்பாளர் ஆர்மோனியத்தில் விரல் வைத்து, "தன்னன்னா தன்னன்னா" என்று மெட்டை மட்டும் பாடுவார். கவிஞர் அந்தத் தன்னன்னாவுக்குச் சரியாகச் சொற்களைப் போடுவார். சில சமயம் கவிஞர் முதலில் எழுதிக் கொடுப்பார். அந்தச் சொற்களுக்கு ஏற்றபடி மெட்டு வரும்.

இரண்டு வழியிலும் விசுவநாதன் கெட்டிக்காரர். ஒரே பாட்டுக்குப் பல மெட்டுகள் போட்டுக் காட்டுவார். பாட்டின் சொல் மெட்டுக்குள் அமுங்கிவிடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. எழுதப் படிக்கத் தெரியாதவர் கேட்டாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் புரியும்.

ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடியும்

மெட்டு தயாரானால் போதாது. ஒலிப்பதிவு நடக்கவேண்டும்.

இந்தக் காலத்தில் பாடகர் ஒரு நாள் பாடுவார். வயலின்காரர் வேறொரு நாள் வாசிப்பார். கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சேர்த்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் அது முடியாது.

வயலின், புல்லாங்குழல், தபேலா, சிதார், கிதார் வாசிப்பவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் ஸ்டூடியோவுக்கு வரவேண்டும். பாடகரும் அப்போதே பாடவேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே தடவையில் பதிவாகும். 3 நிமிடப் பாட்டில் கடைசிச் சுரத்தில் ஒருவர் தவறினாலும், முதலில் இருந்து எல்லோரும் மறுபடியும் தொடங்கவேண்டும்.

இதை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 1964-ல் வந்த "சர்வர் சுந்தரம்" படத்தைப் பார்க்கலாம். அதில் ஒரு பாட்டுக் காட்சியே ஒலிப்பதிவுக் காட்சியாக இருக்கும். டி.எம். சவுந்தரராஜன் பாடுவார். கோஷ்டிக்கு நடுவே நின்று கையை வீசி நடத்துகிறவர் விசுவநாதனேதான்!

1963-ல் சென்னையில் நடந்த விழாவில் விசுவநாதன், ராமமூர்த்தி இருவருக்கும் "மெல்லிசை மன்னர்கள்" என்ற பட்டம் கிடைத்தது. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் அதை வழங்கினார்.

1965-ல் இருவரும் பிரிந்தார்கள். அதன்பிறகு விசுவநாதன் தனியாக இசை அமைத்தார். வெற்றி அவரை விட்டுப் போகவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு, 1995-ல் "எங்கிருந்தோ வந்தான்" படத்துக்காக இருவரும் மறுபடியும் ஒன்று சேர்ந்தார்கள்.

செக்போஸ்ட் தடுக்காத பாட்டு

லாரியை எல்லையில் நிறுத்தலாம். பாட்டை நிறுத்த முடியுமா?

விசுவநாதன் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் ஆகிய நாலு மொழிப் படங்களுக்கும் இசை அமைத்தார். 1978-ல் அவர் இசையில் "மரோ சரித்ரா" என்ற தெலுங்குப் படம் வந்தது. கே. பாலசந்தர் டைரக்ட் செய்தார். அது தமிழில் பேசாமல், தெலுங்கிலேயே சென்னையில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. பெங்களூரிலும் அப்படியே ஓடியது.

அவருடன் வேலை பார்த்த ஜி.கே. வெங்கடேஷ், கன்னடப் படங்களில் பெரிய இசை அமைப்பாளர் ஆனார். ராஜ்குமார் நடித்து 1972-ல் வெளிவந்த "பங்காரத மனுஷ்ய" அவர் இசை அமைத்த படம். அந்த வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர்தான் இளையராஜா. தமிழில் விசுவநாதனின் மெட்டுகளைப் பாடிய பி.பி. சீனிவாஸ், கன்னடத்தில் ராஜ்குமாருக்குப் பாடினார். சீனிவாசுக்குத் தாய்மொழி தெலுங்கு.

சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிறவர்கள் கிருஷ்ணகிரிக்காரர்களும் ஓசூர்க்காரர்களும். இரண்டு பக்கத்துப் பாட்டும் அவர்களுக்குச் சொந்தம்.

எல்லோரும் பாடக் கூடிய மெட்டு

1970-ம் ஆண்டு. தமிழ்த்தாய் வாழ்த்தை அரசு விழாக்களில் பாடவேண்டும் என்று அப்போதைய முதல்-அமைச்சர் கருணாநிதியின் அரசு முடிவு செய்தது.

பாட்டு புதிது அல்ல. ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்த சுந்தரனார், 1891-ல் வெளியிட்ட "மனோன்மணீயம்" நாடக நூலின் தொடக்கத்தில் இருப்பது அது. அதில் இருந்து சில வரிகளை எடுத்தார்கள். மெட்டுப் போடும் பொறுப்பு விசுவநாதனிடம் வந்தது.

இது சினிமாப் பாட்டுப் போல அல்ல. சினிமாப் பாட்டைப் பெரிய பாடகர் பாடினால் போதும். இதை எல்லோரும் பாடவேண்டும். 6 வயதுக் குழந்தை பாடவேண்டும். 60 வயது அதிகாரி பாடவேண்டும். குரல் உள்ளவரும் பாடவேண்டும். குரல் இல்லாதவரும் பாடவேண்டும். பக்கவாத்தியம் இருக்காது.

விசுவநாதன் மோகன ராகத்தை எடுத்தார்.

சங்கீதத்தில் சுரங்கள் ஏழு. மோகனத்துக்கு ஐந்தே போதும். ச, ரி, க, ப, த. அவ்வளவுதான். குழந்தைகளின் வாயில் எளிதாக ஏறும். பழந்தமிழர் இதை முல்லைப் பண் என்று சொன்னார்கள். முல்லை என்பது காடும் மேய்ச்சலும் உள்ள நிலம். ஆயர்களின் குழலோடு சேர்ந்த பண் அது. சீனாவிலும் ஜப்பானிலும் இதே போன்ற ஐந்து சுரப் பாட்டுகள் உண்டு.

மெட்டு தயாரானது. டி.எம். சவுந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடினார்கள்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. மெட்டுப் போட்ட விசுவநாதனின் தாய்மொழி மலையாளம். மதுரையில் பிறந்த சவுந்தரராஜனின் வீட்டு மொழி சவுராஷ்டிரம். விஜயநகரத்துக்காரரான சுசீலாவின் தாய்மொழி தெலுங்கு. மூன்று பேரும் சேர்ந்து தமிழ்த்தாயை வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்தில் யாராவது குறை சொல்ல முடியுமா?

2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம், முதல்-அமைச்சர் மு.க. ஸ்டாலின் அரசு இந்தப் பாட்டை மாநிலப் பாடலாக அறிவித்தது. 55 வினாடியில், மோகன ராகத்தில் பாடவேண்டும், பாடும்போது எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. மாற்றுத் திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இசைத்தட்டைப் போடாமல் வாயால் பாடவேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது.

நன்றி மறவாதவர்

விசுவநாதன் புகழின் உச்சியில் இருந்தபோது, குருவான சுப்பையா நாயுடு முதுமை அடைந்தார். விசுவநாதன் அவரைக் கைவிடவில்லை. குருவையும் அவர் மனைவியையும் தம் வீட்டில் வைத்துப் பராமரித்தார். 1979-ல் நாயுடு காலமானபோது, மகன் செய்யவேண்டிய காரியங்களை விசுவநாதன் செய்தார்.

தம் மெட்டை இன்னொருவர் பெயரில் கேட்ட கசப்பு அவர் மனதில் இல்லை. தம்மைத் தூக்கிவிட்ட கையை மட்டும் நினைவில் வைத்திருந்தார்.

முதுமையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1986-ல் "மெல்லத் திறந்தது கதவு" படத்தில் இளையராஜாவுடன் சேர்ந்து இசை அமைத்தார். ஏ.ஆர். ரகுமான் இசையில் "சங்கமம்", "கன்னத்தில் முத்தமிட்டால்" படங்களில் பாடினார். தம்மைவிடப் பல வயது இளையவரின் இசையில் பாடுகிறோமே என்று அவர் கூச்சப்படவில்லை.

சில படங்களில் நடிக்கவும் செய்தார். சிறு வயதில் நடிகர் ஆக வந்தவர் அல்லவா? அந்த ஆசை முதுமையில் நிறைவேறியது!

2012-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், முதல்-அமைச்சர் ஜெயலலிதா விசுவநாதனுக்கும் ராமமூர்த்திக்கும் "திரை இசைச் சக்கரவர்த்தி" பட்டம் வழங்கினார். இருவருக்கும் 60 பொற்காசுகளும் காரும் பரிசாகக் கிடைத்தன. 2013-ல் ராமமூர்த்தி காலமானார். 2015-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி சென்னையில் விசுவநாதன் காலமானார். அப்போது அவருக்கு வயது 87.

மத்திய அரசின் பத்ம விருது எதுவும் அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. ரசிகர்களுக்கு அது பெரிய குறை.

யாருடைய மொழி?

இந்தக் கதையில் எல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி இருக்கிறது.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்குப் பள்ளியில் தமிழ் தடுக்கும். "ழ" வராது. பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். "இது என் மொழி இல்லையோ?" என்று அந்தப் பிஞ்சு மனம் சுருங்கும்.

அந்தப் பிள்ளையிடம் பெற்றோரும் ஆசிரியரும் விசுவநாதனின் கதையைச் சொல்லலாம். அவருடைய தமிழ்ப் பேச்சில் கடைசி வரை மலையாள வாடை வீசியது. ஆனால் அவருடைய தமிழ்ப் பாட்டில் அந்த வாடை இல்லை. தாய்மொழியை அவர் விட்டுவிடவும் இல்லை. மலையாளப் படங்களுக்கு இசை அமைத்தார். மலையாளத்தில் பாடவும் செய்தார். வீட்டு மொழி ஒரு கண். பள்ளி மொழி இன்னொரு கண். இரண்டையும் வைத்துக்கொண்டு நன்றாகப் பார்க்கலாம்.

சிறு வயதில் விசுவநாதன் போட்ட ஒரு மெட்டை ஊரே பாடியது. பெயர் தெரியவில்லை. இன்று அவர் போட்ட மெட்டைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் பாடுகிறார்கள். இப்போதும் பலருக்குப் பெயர் தெரியவில்லை.

பெயரைத் தெரிந்து கொள்வது கஷ்டமான காரியம் அல்ல. நாளைக் காலை பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளையிடம், தலை வாரிவிடும்போதே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும்.

மணி அடிக்கும். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். தெலுங்குச் சிறுமியும் கன்னடச் சிறுவனும் உருதுப் பையனும் தமிழ்ச் சிறுமியும் வாய் திறப்பார்கள். கொட்டகையில் தட்டு ஏந்தி நின்ற ஒரு சிறுவனின் மெட்டு, ஓசூர் எல்லையில் மறுபடியும் ஒலிக்கும்.